12-8-0: ஒரு கொங்குக் கொலைக்கதைக்குத் துப்பு தேடிய அனுபவம்

பழைய காலத்துக் கதை என்றதும் நம் சினிமா ஆட்கள் முதலில் தேடிக் கிளம்புவது கிராமபோன் பெட்டியை. அடுத்தது ஒரு பழைய கார், அதற்கடுத்து வட்டக் கண்ணாடி. இவையெல்லாம் ஓரமாக நிற்க, கதை பாட்டுக்கு இன்றைய கதையாக நடந்து முடிந்துவிடும். காதல் கதையில் இது அவ்வளவாக உறுத்தாது. கொலை மர்மத்தில் உறுத்தும். 1957-ல் நடந்த கொலை என்றால் அந்த வருசத்தில் மட்டும்தான் அதைச் செய்திருக்க முடியும், அந்த வருசத்து ஆளுக்கு மட்டும்தான் துப்பு புலப்பட்டிருக்கும் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய காலம் எதற்கு, வாடகைக்கு எடுத்த வேட்டி சேலைக்கா?

கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் எடுத்த ஒரு சின்ன பட்ஜெட் படத்தில் திரைக்கதைக்கும் கலை வேலைக்கும் கூட இருந்தேன். எங்கள் பக்கத்து மொழியும் வீடுவாசலும் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள். இதே மாதிரி எடுக்க நினைக்கிற தம்பிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் கதை. ஒரு குடியானவர் குடும்பம். பெரியவர் 1955-ல் இறந்துபோகிறார். இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். பவானிசாகர் அணை முடிந்தது அதே 1955-ல். கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளம், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அதுவரை சோளமும் கம்பும் விதைத்து மானம் பார்த்துக் கிடந்த மேட்டாங்காடு, தண்ணீர் வந்ததும் வயலாகிவிட்டது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்ற நிலத்துக்கு ஆள் மேல் ஆள் வருகிறார்கள். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு, அதாவது மகளின் புருசனுக்கு, மனசு கெடுகிறது.

இந்த இடத்தில் ஒரு தேதி உதவிக்கு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17. அதற்குப் பிறகு அப்பன் இறந்திருந்தால் அவர் பங்கிலாவது மகளுக்குச் சட்டப்படி ஒரு பாகம் உண்டு. அதற்கு முன்னால் இறந்ததால், மகன்கள் உயிரோடு இருக்கும்போது, கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒன்றுமில்லை. (பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இல்லை.) "மாமனாரு இன்னொரு வருசம் இருந்திருக்கப்படாதா" என்று மாப்பிள்ளை ஒரு இடத்தில் புலம்புவான். கேட்கிறவர்கள் பாசத்தில் சொல்கிறான் என்று நினைப்பார்கள். பெரியவர் எப்போது இறந்தார் என்பதை டைரக்டர் முதலில் '50, 51 வாக்கில்' என்று விட்டிருந்தார். அதை 1955 என்று முடிவு செய்ததும் நோக்கம் தானாகத் தெளிந்தது. வருசத்தை 'வாக்கில்' என்று விடாதீர்கள். சட்டம் வந்த தேதிகளை முன்னால் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார், எப்போது கட்டிக்கொடுத்தார்கள், எப்போது செத்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். பாதிக் கதை அதிலேயே கிடைத்துவிடும்.

பங்கு கிடைக்காத மாப்பிள்ளை ஒரு பொய்ப் புரோநோட்டு தயார் செய்கிறான். மூத்த மச்சான் தன்னிடம் கடன் வாங்கினதாக, 1957 தை மாதத் தேதி போட்டு. உண்மையில் அதை எழுதுவது சித்திரையில், பஞ்சு மண்டியில் கணக்கெழுதும் ஒரு ஆளை வைத்து. முதலில் எழுதின திரைக்கதையில் இது பொய் என்று கண்டுபிடிப்பது கைரேகை நிபுணர். சென்னையிலிருந்து ஒருத்தர் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்குவார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

1957 ஏப்ரல் 1-ம் தேதிதான் நயா பைசா வந்தது. அதற்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. எழுதும்போது ரூபாய், அணா, பை என்று நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள். பன்னிரண்டரை ரூபாய் என்றால் 12-8-0. நம் கணக்கெழுதும் ஆள் ஏப்ரலிலிருந்து மண்டியில் புதுக்கணக்கு எழுதிப் பழகிவிட்டான். கைப்பழக்கத்தில் வட்டியை 12.50 என்று போட்டுவிடுகிறான். தை மாதத்தில் எங்கள் பக்கத்தில் ஒருத்தனும் அப்படி எழுதியிருக்க மாட்டான். இந்தத் துப்பு ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்கிறது என்பதுதான் இதில் அழகு. ஏப்ரலுக்குப் பிறகும் வருசக்கணக்கில் அணாவும் கூடவே புழங்கியது. பின்னால் எழுதின பத்திரத்தில் அணா இருந்தால் தப்பில்லை, முன்தேதிப் பத்திரத்தில் நயா பைசா இருந்தால் மாட்டிக்கொண்டான். ரெவின்யூ ஸ்டாம்பையும் அணா ஸ்டாம்பாகவே ஒட்டினோம். அதெல்லாம் சரியாக இருக்க, ஒரே ஒரு புள்ளிதான் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் பார்க்கிறவனுக்கு அணா தெரிய வேண்டுமே. இருபது வயசுப் பையனுக்கு 12-8-0 என்பது போன் நம்பர் மாதிரிதான் தெரியும். அதற்காகப் படத்தின் முன்பாதியிலேயே புளியம்பட்டிச் சந்தையில் ஒரு காட்சி வைத்தோம். ஓரணாவுக்குச் சரியாக ஆறேகால் நயா பைசா. கால் பைசா காசு கிடையாது, ஆறு பைசாதான் தருவான் கடைக்காரன். ஒரு ஆத்தா விடுவதாயில்லை. "ஓரணாவுக்கு ஆறுன்னா மிச்சக் காப்பைசாவ எந்தச் சாமி உண்டியல்லடா போட்ட?" தியேட்டரில் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கணக்கையும் கற்றுக்கொள்வார்கள். பின்னால் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) அந்த நோட்டை உரக்கப் படிக்கும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. துப்பைப் புரிந்துகொள்ளத் தேவையான விவரத்தை வேறு ஏதோ காரணத்துக்காக வருகிற காட்சியில், முடிந்தால் சிரிப்புக் காட்சியில், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். துப்பு கிடைக்கும் இடத்திலேயே பாடம் எடுத்தால் படம் அங்கேயே படுத்துவிடும்.

இனி கவலை. மனக்கவலை இல்லை, மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு. மூத்தவன் செத்துக் கிடப்பது கவலைக் கிணற்றில். பைக்காரா மின்சாரம் 1932-லேயே வந்துவிட்டதால் கோயமுத்தூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் சீக்கிரமே வந்தது உண்மைதான். ஆனால் 57-லும் மாடு கட்டி இறைத்த கிணறுகள் ஏராளம். சித்திரைக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது, கிணறுதான் கதி. விடிவதற்கு முன்பே மாடு பூட்டிவிடுவார்கள். வடம் ஓடுகிற உருளையான அந்தக் கப்பியின் 'கிறீச்' சத்தம் நாலு தோட்டத்துக்குக் கேட்கும். எந்தத் தோட்டத்துக் கப்பி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் அப்பாரு சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆக, ஆள் எப்போது செத்தான் என்பதற்கு டாக்டர் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். சத்தம் எப்போது நின்றது என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் போதும்.

இதைக் காகிதத்தில் எழுதுவது சுலபம். எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தண்ணீர் மொள்ளுகிற இரும்புச் சாலும் வடக்கயிறும் ஒரு வீட்டு அட்டாலியில் கிடைத்தன. சாலின் அடியில் மாட்டுகிற தோல் தும்பி, அதாவது தண்ணீர் கொட்டுகிற தோல்குழாய், எங்கேயும் இல்லை. அது காய்ந்து மக்கிப்போகிற பொருள், யார் எடுத்து வைப்பார்கள்? தோல்வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்துப் புதிதாகத் தைக்கச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பாக்கறதுக்கா, எறைக்கறதுக்கா?" இறைப்பதற்கு என்றால் தோலைப் பதம் பண்ண நாள் ஆகும். நாங்கள் இறைப்பதற்கு என்றோம், அது நல்லதாகப் போயிற்று. தும்பியிலிருந்து தண்ணீர் தொட்டியில் சொரிகிற வேகத்தைப் பாவனை செய்ய முடியாது.

பிரச்னை மாட்டில் வந்தது. கவலையில் மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும், ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து கனம் கொடுப்பார். தண்ணீர் கொட்டியதும் மாடு திரும்பாமல், பின்னங்காலாலேயே சரிவில் ஏறி வரவேண்டும். காங்கயம் ஜோடி ஒன்று, பார்க்கக் கண்கொள்ளாத மாடுகள், இறங்குவது ராஜநடை. பின்னால் வா என்றால் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பாவம், அவற்றின் பாட்டன் காலத்தோடு போன பழக்கம். கடைசியில் இறங்குவதை அகல ஷாட்டாக எடுத்துக்கொண்டு, ஏறுவதற்குக் குளம்பும் கயிறும் மட்டும் கிட்டத்தில் எடுத்து ஒட்டினோம். மாடு உங்கள் படத்தில் இருந்தால், ஷூட்டிங்குக்கு வெகுமுன்பே அதே மாட்டை அதே சரிவில் பழக்குங்கள். விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் சென்சாரில் படம் நிற்கும். திறந்த கிணற்று மேட்டில் இரவில் வேலை செய்வதானால், சட்டகத்துக்கு வெளியே தடுப்பும் கயிறும் நீச்சல் தெரிந்த இரண்டு பேரும் இல்லாமல் விளக்கையே போடாதீர்கள்.

சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொண்டோம். முதல் ரீலிலிருந்தே விடியல் காட்சிகளில் எல்லாம் தூரத்தில் அந்தக் கிறீச் இருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கொலை நடக்கும் காலையில் அது பாதியில் நிற்கும். அங்கே இசை போட வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. போட்டிருந்தால் நின்றது காதில் விழுந்திருக்காது.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்சி மாடு, பிளாஸ்டிக் குடம், மின்கம்பி எல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். படாதது செடிகள். இன்று ரோட்டோரம் எங்கும் இருக்கிற பார்த்தீனியம் இந்தியாவில் முதலில் புனே பக்கம் தென்பட்டதே 1950-களின் நடுவில். 57-ல் கோபிக் காட்டு வரப்பில் அது இருக்க வாய்ப்பில்லை. சீமைக்கருவேலமும் இன்றைக்கு மாதிரிக் காடாக இல்லை, வேலி என்றால் கிளுவை. வரிசை பிடித்த தென்னந்தோப்பைப் பின்னணியில் தவிருங்கள். வாய்க்கால் காட்சிக்குக் கான்கிரீட் போடாத மண்கரையாகப் பார்த்துப் பிடியுங்கள். விதவை கட்டுகிற வெள்ளைச் சேலை கடையில் வாங்கின பளீர் வெள்ளையாக இருந்தால் கண்ணைக் குத்தும். உவர்மண்ணில் வெளுத்த துணியின் பழுப்பு வேண்டும்.

பயிரும் செடியும் போலத்தான் பேச்சும். சென்னையிலிருந்து வந்த நடிகை மூத்தவன் பெண்டாட்டியை 'அண்ணி' என்றே கூப்பிட்டார். நாத்தனார் வாயில் அது 'நங்கை' என்றுதான் வரவேண்டும். வசனத்தின் கடைசியில் எல்லாம் 'ங்க' ஒட்டிவிட்டால் கொங்குத் தமிழ் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது மேடை நாடகத்துக்குச் சரி. யார் யாருக்கு 'ங்க' போடுவார், யாருக்குப் போடமாட்டார் என்பதில்தான் அந்தக் காலத்து ஊரே இருக்கிறது. பண்ணையத்தாளை வாடா போடா என்கிற சின்னப் பையன், அந்த ஆள் வயசில் அப்பாரு மாதிரி இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவான். அவர் ஆசாரத்துப் (வீட்டு முன்கூடத்துப்) பக்கமே வரமாட்டார், வாசலோடு சரி. கொலை என்றதும் முதல் சந்தேகம் கவலை ஓட்டின அந்த ஆள்மேல்தான் விழும், வீட்டு மனிதர்மேல் விழாது. படத்தில் இதை மெழுகிப் பூசலாம் என்று பேச்சு வந்தது. பூசியிருந்தால், மாப்பிள்ளை எப்படி அத்தனை நாள் சந்தேகத்துக்கு வெளியே இருந்தான் என்பதற்கே பதில் இல்லாமல் போயிருக்கும்.

குற்ற உணர்வை எப்படிக் காட்டுவது என்பதில்தான் சண்டை அதிகம். தூக்கத்தில் வியர்த்து எழுவது, கையைக் கழுவிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் பார்த்துச் சலித்தது. பண்ணாரியம்மன் கோயில் குண்டம் (தீமிதி) பங்குனியில் நடக்கும், செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் ஆடு மாட்டைக்கூட இறக்குவார்கள். கொலைகாரன் அந்த வருசம் குண்டம் இறங்கப் பயப்படுகிறான் என்று டைரக்டர் எழுதி வைத்திருந்தார். துணை நடிகையாக வந்த ஒரு ஊர்ப் பாட்டி கேட்டார், "எழவு உளுந்த ஊட்டுக்காரனுக்குத் தீட்டு இருக்கறப்ப எப்படீங் குண்டம் எறங்குவான்?" எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அந்தக் கேள்விதான் படத்தின் நல்ல காட்சியைக் கொடுத்தது. கொலை சித்திரையில், குண்டம் பங்குனியில். அப்போது யாரும் சாகவில்லை. விரதமிருந்து, மஞ்சள் துணி கட்டி, வரிசையில் நெருப்புக்கிட்ட வரைக்கும் வந்த மாப்பிள்ளை, கடைசி நேரத்தில் ஒதுங்கிப் போகிறான். பார்த்தவர்களுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல. ஒரு மாதம் கழித்துச் சாவு விழுந்த பிறகுதான் மாமியாருக்கு அது நினைவு வருகிறது. செய்த பிறகு வருகிற குற்ற உணர்வை நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். செய்வதற்கு முன்பே வருவதை எடுத்தது எனக்குத் தெரிந்து குறைவு.

ஒப்பாரியில் இன்னொரு சிக்கல். நன்றாகப் பாடக்கூடிய பெண்களை அழைத்து வந்தோம், தொட்டிக்கட்டு வீட்டு வாசலில் உட்காரவைத்தோம், வாயே திறக்கவில்லை. இழவில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது, வீட்டுக்காரருக்கு ஆகாது. சம்பளத்தைக் கூட்டினால் சரியாகும் விசயமா இது? ஊருக்கு வெளியே ஒரு களத்தில் பாடவைத்துக் குரலைப் பதிந்தோம், வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருப்பதை மட்டும் எடுத்தோம். அந்த வீட்டைப் பற்றியும் ஒன்று. ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டு வாடகை வாங்கிக்கொண்டார், ஷூட்டிங் தொடங்கின காலையில் இன்னொரு பங்காளி சாவியோடு வந்து நின்றார். பாகப்பிரிவினைக் கதை எடுக்கப்போன இடத்தில் பாகப்பிரிவினை! பட்டாவில் பெயர் இருக்கிற அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே லாரியைக் கிளப்புங்கள்.

கடைசியில் சட்டம். இன்ஸ்பெக்டர் அறைந்ததும் கொலைகாரன் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கக்குவது நம் படங்களில் வழக்கம். அன்றைய சாட்சியச் சட்டம் 25-ம் பிரிவுப்படி போலீஸிடம் சொன்ன ஒப்புதல் அவனுக்கு எதிராகக் கோர்ட்டில் நிற்காது. மாஜிஸ்திரேட் முன்னால் அன்றைய குற்ற நடைமுறைச் சட்டம் 164-ன் கீழ் சொன்னால்தான் மதிப்பு. 57-ல் அமலில் இருந்தது 1898-ம் வருசச் சட்டம், பின்னால் வந்த 1973-ம் வருசச் சட்டத்திலும் இதே எண்தான். (2024 ஜூலையில் இவற்றுக்குப் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன.) அன்று ஊரில் சந்தேகச் சாவு என்றால் முதலில் தகவல் போனது மணியக்காரர் (கிராம முன்சீப்) வழியாக. போலீஸ் வந்து, 174-ன்படி ஊர்ப் பெரிய மனிதர்களைப் பஞ்சாயத்தாராக வைத்து விசாரணை எழுதுவார்கள். அந்தப் பஞ்சாயத்தாரில் ஒருவராகவே மாப்பிள்ளையை உட்காரவைத்தோம். பிணத்தைச் சுற்றி நின்று 'கால் வழுக்கி விழுந்திருக்கலாம்' என்று கையெழுத்துப் போடுகிறான். இதற்கு மேல் ஒரு வில்லன் காட்சி எழுதவே தேவைப்படவில்லை.

அப்படியானால் உண்மை எப்படி வெளியே வரும்? மாமியார் வழியாக. விடியக்காலம் கிணற்று மேட்டில் மருமகனைப் பார்த்தது அவர் ஒருத்திதான். இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. மழையில், இடிமின்னலில், கோயில் வாசலில் அவர் கதறிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வடிவம் இருந்தது. நாங்கள் எடுத்தது விதைக் கடலைக்காய் உரிக்கிற காட்சி. மருமகளும் மாமியாரும் எதிரெதிராக உட்கார்ந்து உரிக்கிறார்கள். நல்ல பருப்பு ஒரு முறத்தில், சொத்தை இன்னொன்றில். மருமகள் கர்ணம் படித்த நோட்டைப் பற்றிச் சொல்கிறாள். மாமியார் கை நிற்கவில்லை, ஆனால் நல்ல பருப்பெல்லாம் சொத்தை முறத்தில் விழுகிறது. மருமகள் ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கம் போட்டுக்கொண்டே, "உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை?" என்கிறாள். "தெரியுங் கண்ணு. ஒரு வெள்ளச் சேலய உனக்குக் கட்டிப் பாத்தாச்சு. இன்னொண்ண எம்புள்ளைக்கும் நானே எடுத்துக் குடுக்கோணுமா?" அவ்வளவுதான் வசனம். அதற்கப்புறம் மருமகள் எழுந்து மணியக்காரர் வீட்டுப் பக்கம் நடக்கிறாள். போய்ச் சொன்னாளா, தூக்கா ஆயுளா, அதெல்லாம் படத்தில் இல்லை.

படத்தை வாங்க வந்த ஒருவர், கிணற்று மேட்டில் என்ன நடந்தது என்று கடைசியில் பிளாஷ்பேக்காகக் காட்டுங்கள், ஜனங்கள் திருப்தியாகப் போவார்கள் என்றார். அதை எடுத்தும் வைத்திருந்தோம். நான் வேண்டாம் என்றேன், கப்பிச் சத்தம் நின்ற இடத்திலேயே கொலையைக் காட்டியாகிவிட்டது என்பது என் வாதம். எடிட்டர் வைக்கலாம் என்கிற கட்சி. ஒரு பதிப்பில் இருக்கிறது, ஒரு பதிப்பில் இல்லை. எங்கே பார்த்தாலும் இன்னும் அவர் அதைப் பற்றித்தான் பேசுகிறார்.